பைபர் படகின் மேற்பூச்சு வெயிலிலும் உப்பிலும் பொடிகிறது: பாலிஷா, பெயிண்டா?

பாம்பன்கரை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான 28 அடி பைபர் படகைப் பற்றி ஆலோசனை கேட்டு இந்த இழையைத் தொடங்குகிறேன். படகின் வெளிப்பக்கம் கருநீலம். உள்பக்கமும் மேல்விளிம்பும் வெள்ளை. கடலில் இறக்கிய புதிதில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்த நீலம் இப்போது வெளிறிச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. உள்ளங்கையால் தடவினால் நீலப் பொடி கையோடு வருகிறது; சாய்ந்து நிற்பவர்களின் சட்டையிலும் ஒட்டிக்கொள்கிறது. வெள்ளைப் பகுதி அவ்வளவு மோசமில்லை என்றாலும் மஞ்சளடித்திருக்கிறது. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கயிறு கட்டும் கொண்டியைச் சுற்றி மெல்லிய வெடிப்புகள் விழுந்திருக்கின்றன. கொண்டியின் போல்ட்டுகளிலிருந்து துருக்கறை கீழே வடிந்திருக்கிறது.

இங்கே மூன்று பேர் மூன்று வழி சொல்கிறார்கள். பெயிண்ட் கடைக்காரர், சாதாரண இனாமல் பெயிண்டை இரண்டு கை அடித்தால் போதும் என்கிறார். இன்ஜின் பழுது பார்ப்பவர், கார்களுக்குப் போடும் காம்பவுண்டால் தேய்த்துப் பாலிஷ் போடச் சொல்கிறார். பக்கத்துப் படகுக்காரர் மண்ணெண்ணெயில் பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து துணியால் துடைக்கிறார். அவருடைய படகு அன்றைக்கு மட்டும் புதிதாகத்தான் தெரிகிறது. எதைச் செய்தால் நெடுநாள் நிற்கும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். விசைப்படகுகளைப் போல ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களால் படகைக் கரையேற்றி வைக்க முடியாது. தடை விசைப்படகுகளுக்குத்தான்; அந்த 61 நாள்களில்தான் எங்களைப் போன்ற நாட்டுப்படகுகளின் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும்.

மரக்கலம்:

தம்பி, நான் நாகப்பட்டினம் பக்கம் படகு கட்டும் பட்டறையில் வேலை பார்ப்பவன். முதலில் மரம், பிறகு பைபர் என்று இரண்டு காலத்தையும் பார்த்தவன். எதைப் பூசலாம் என்று முடிவு செய்வதற்கு முன்னால், பூசுவதற்கு அடியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வெளிறிய இடத்தில் நல்ல தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நனைந்த இடத்தில் பழைய நீலம் திரும்பி வந்து, காய்ந்ததும் மறுபடி வெளிறினால், நிறம் இன்னும் உள்ளே இருக்கிறது. மேலே பொடி மட்டுமே படிந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் 800ஆம் எண் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை) தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். வழியும் தண்ணீர் முதலில் பால்போல வெளுத்த நீலமாக வரும். பொடி போனதும் தண்ணீரின் நிறம் அடர்ந்துவிடும். அந்த இடத்தில் கையை நிறுத்திவிட வேண்டும். ஜெல்கோட் என்கிற அந்த மேல்தோல் புதிதாக இருக்கும்போதே சுமார் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். தேய்த்து எடுத்தது திரும்பி வராது. தேய்க்கும்போது நீலத்துக்கு அடியில் கண்ணாடி இழைப்பாயின் பின்னல் தெரிய ஆரம்பித்தால் பாலிஷ் என்ற பேச்சையே விட்டுவிட வேண்டும். அங்கே பெயிண்ட் அல்லது புது ஜெல்கோட்தான்.

மண்ணெண்ணெயும் பழைய ஆயிலும் தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் ஊற்றினால் நிறம் திரும்பி வருகிறது அல்லவா, அதே வேலையைத்தான் எண்ணெயும் செய்கிறது. மெதுவாகக் காய்வதால் கொஞ்சம் கூடுதல் நேரம் ஏமாற்றுகிறது, அவ்வளவுதான். அந்த எண்ணெய் நுண்துளைகளில் இறங்கிவிட்டால் பிறகு நீங்கள் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் பிடிக்காமல் தோல் தோலாக உரியும். பட்டறைக்கு வரும் படகுகளில் எண்ணெய் துடைத்த படகை மோந்து பார்த்தே ஒதுக்கி வைப்போம். அதைக் கழுவிச் சுத்தம் செய்யும் கூலி, பெயிண்ட் அடிக்கும் கூலியைத் தாண்டிவிடும்.

கொண்டியைச் சுற்றியுள்ள வெடிப்பு வெயிலால் வந்ததில்லை. கயிறு இழுக்க இழுக்க அந்த இடம் வளைந்து கொடுத்திருக்கிறது. உள்பக்கம் கொண்டிக்குப் பின்னால் பலகையோ தடித்த தகடோ வைக்காமல் வெறும் வாஷரோடு முடுக்கியிருப்பார்கள். அதைச் சரிசெய்யாமல் மேலே எதைப் பூசினாலும் ஒரே பருவத்தில் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும்.

வேதிச்சாலை:

மரக்கலம் ஐயா சொன்ன சோதனை மிகச் சரியானது. நான் பெயிண்ட் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் பணிபுரிந்தவன் என்பதால், அந்தப் பொடி எப்படி உண்டாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால், கடையில் விற்கும் டப்பாக்களில் எது தேவை, எது வீண் என்பது தானாகவே விளங்கும்.

வெயிலும் உப்பும் சேர்ந்து படகைக் கெடுக்கின்றன என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு. ஜெல்கோட் என்பது நிறமியைக் கலந்த பாலியெஸ்டர் ரெசின், அதாவது இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசின். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள், அதாவது 400 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் கொண்டவை, அந்த ரெசினின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டிக்கின்றன. துண்டான இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் புகுந்து மேலும் சிதைக்கிறது. ரெசின் போனதும் அதில் பதிந்திருந்த நிறமித் துகள்கள் பிடிமானம் இல்லாமல் தனியே நிற்கின்றன. உங்கள் உள்ளங்கையில் ஒட்டுவது அந்தத் துகள்களே.

வெள்ளைப் பகுதி குறைவாகக் கெட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. வெள்ளை நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடு தானே புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி, அடியிலுள்ள ரெசினுக்கு ஓரளவு காவலாக நிற்கிறது. இதிலும் ரூட்டைல் வகை நல்லது; விலை குறைந்த அனட்டேஸ் வகை, கதிரை உறிஞ்சிய பிறகு தானே ரெசினைச் சிதைக்கத் தொடங்கிவிடும். கருநீலம், சிவப்பு போன்ற அடர்நிறங்களுக்கு இந்தக் காவல் குறைவு, சூடும் அதிகம். மே மாத உச்சிவெயிலில் அடர்நிறப் பரப்பு 70 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். சாதாரண ரெசின் இளகத் தொடங்கும் எல்லைக்கு அது நெருக்கமானது.

இனி உப்பு. உப்பு ரெசினைத் தின்பதில்லை. ஆனால் கடலுப்பு வெறும் சோடியம் குளோரைடு அன்று. அதில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொட்டால் சோடியம் குளோரைடு கசிந்து நீராகும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். நம் கடற்கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே உப்புப் படிந்த பரப்பு பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் உண்மையில் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. அந்த ஈரம் போல்ட்டுகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து நீரை இழுத்துக் கொப்புளம் எழுப்புகிறது.

சுருக்கமாக, ரெசினுக்கு எதிரி வெயில். உலோகத்துக்கும் பெயிண்டின் பிடிமானத்துக்கும் எதிரி உப்பு. முதலாவதற்கு நிழல், இரண்டாவதற்கு நன்னீர். டப்பாக்கள் அதற்குப் பிறகுதான்.

முட்டம்_மீகாமன்:

எல்லோரும் அருமையாக எழுதுகிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு கேள்வி: பளபளப்பால் வலையில் மீன் கூடுதலாக விழப்போகிறதா? எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் படகை நாள்தோறும் மணலில் ஏற்றி இறக்குகிறோம். வெயில் ஒரு மடங்கு தின்றால் மணல் பத்து மடங்கு தின்கிறது. ஏரா எனப்படும் நடு அடிக்கட்டையும் அடிவயிறும் தேய்ந்து இழை தெரியும் படகுகளுக்கு, மேலே நீலம் வெளிறியது ஒரு குறையே இல்லை. பாலிஷ் போடும் பணத்தில் ஏராவுக்கு மேலும் இரண்டு அடுக்கு இழைப்பாய் ஒட்டினால் படகின் ஆயுள் கூடும் என்பது என் கருத்து.

மேலும், உப்பு ரெசினைத் தின்பதில்லை என்று வேதிச்சாலை எழுதியதை நான் முழுவதும் ஏற்கவில்லை. உப்புப் பரல்கள் பூதக்கண்ணாடியாக நின்று வெயிலைக் குவித்துப் பெயிண்டை எரிக்கின்றன என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வேதிச்சாலை:

ஏராவைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மணலில் ஏறும் படகுக்கு அடிப்பகுதியில் தேய்வதற்கென்றே கூடுதல் அடுக்கு கொடுத்தாக வேண்டும். எந்தப் பாலிஷும் அதற்கு மாற்று ஆகாது.

பளபளப்பு மட்டுமே போனால் எனக்கும் கவலையில்லை. பொடிந்த ஜெல்கோட் நாளடைவில் மெலிந்து இழை வெளிப்பட்டால், கண்ணாடி இழைகளின் ஓரமாகக் கடல்நீர் உள்ளே ஏறத் தொடங்கும். படகின் எடை கூடும். அடுக்குகளுக்கு இடையே பிடிப்பு தளரும். பொடியைத் தொடக்கத்திலேயே கவனிக்கச் சொல்வது அழகுக்காக அன்று.

பூதக்கண்ணாடிக் கதையில் உண்மை இல்லை. உப்புப் பரல் பரப்போடு ஒட்டியே கிடக்கிறது. ஒளியைக் குவிக்க வேண்டுமானால் குவியும் புள்ளிக்கும் பரப்புக்கும் இடையே தொலைவு வேண்டும். பரலின் வடிவமும் அதற்கு ஏற்றதன்று. ஆனால் பெரியவர்கள் கண்ட சேதம் பொய்யில்லை. காய்ந்த உப்புப் படிந்த பரப்பை வறண்ட துணியால் துடைக்கும்போது ஒவ்வொரு பரலும் கீறிக்கொண்டே போகிறது. அப்படி உண்டாகும் நுண்கீறல்களின் வழியே கதிரும் ஆக்சிஜனும் மேலும் ஆழமாக இறங்குகின்றன. எனவே, நனைக்காமல் துடைக்கவே கூடாது.

குருநகர்வாசி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கும் சிறுதொழிலில் பெரும்பாலும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகுகளே உள்ளன. உங்களுடையவற்றை விட நீளம் குறைந்தவை. வெயிலும் அதே வெயில்தான்.

இந்த உரையாடலில் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம்மில் பலரும் இரவில் புறப்பட்டுக் காலையில் கரை திரும்புகிறவர்கள். கடலில் கழியும் நேரத்தில் படகின் மீது வெயில் படுவது சொற்பம். காலை ஒன்பது, பத்து மணி தொடங்கி மாலை வரை, கதிர் கடுமையாக இருக்கும் அத்தனை நேரமும் படகு கரையிலேயே கிடக்கிறது. ஆகவே, படகை வெயில் கெடுப்பது கடலில் அன்று, கரையில். இதைச் சரியாக விளங்கிக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

நாங்கள் நான்கு கம்பு நட்டு, தென்னோலைக் கிடுகு வேய்ந்து, படகுக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் பந்தல் போட்டிருக்கிறோம். தார்ப்பாய் மலிவு என்று சொல்வார்கள். ஆனால் சந்தையில் கிடைக்கும் மெல்லிய நீலத் தார்ப்பாய் வெயிலில் தானே உக்கி நார்நாராகக் கிழிந்து கரையெங்கும் பறக்கும். அதைவிட மோசம், அதைப் படகின் மீது ஒட்டப் போர்த்திக் கட்டுவது. காற்றில் அது அடித்து அடித்து மேல்விளிம்பை உரசும். அடியில் உப்பு ஈரமும் வெக்கையும் அடைபட்டுக் கிடக்கும். தார்ப்பாய்தான் கட்ட வேண்டும் என்றால் வெள்ளி நிறமுள்ள தடித்ததை, நடுவில் நீளக் கம்பு கொடுத்து, இருபுறமும் காற்று புகும்படி கூரையாகக் கட்டுங்கள்.

கச்சான் எனும் தென்மேற்குக் காற்று பெயரும் மாதங்களில் பந்தலின் தென்மேற்குப் பக்கத்துக்கு ஒரு தட்டியும் கட்டுவது நல்லது. அந்தக் காற்று உப்பை மட்டும் கொண்டுவருவதில்லை. மணலையும் அள்ளி வீசி அந்தப் பக்கத்தை மட்டும் மங்கச் செய்துவிடும்.

பாம்பன்கரை:

மரக்கலம் ஐயா சொன்னபடி சோதித்துப் பார்த்தேன். பக்கவாட்டில் தண்ணீர் ஊற்றியதும் நீலம் திரும்பியது. தேய்த்தபோதும் அடர்நீலம் தெரிந்தது, இழை தெரியவில்லை. ஆனால் மேல்விளிம்பில், வலை இழுக்கும்போது உரசும் இடத்தில், ஒரு முழ நீளத்துக்குப் பின்னல் தெளிவாகத் தெரிகிறது. குருநகர்வாசி அண்ணன் கச்சானைப் பற்றி எழுதியது எங்கள் படகுக்கு அப்படியே பொருந்துகிறது. தென்மேற்கைப் பார்த்து நிற்கும் பக்கம்தான் அதிகம் மங்கியிருக்கிறது.

நன்னீரால் கழுவச் சொல்கிறீர்கள். எங்கள் கரையில் குடிக்கும் தண்ணீரையே குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். படகைத் தினமும் கழுவ எங்கே போவது?

உப்பங்கழி:

நான் கழிமுகத்தில் சுற்றுலாப் படகுகளைப் பராமரிக்கிறேன். உங்கள் கேள்விக்கு நடைமுறையில் விடை இருக்கிறது. படகு முழுவதையும் குழாய் வைத்துக் கழுவத் தேவையில்லை. வயலில் மருந்து அடிக்கும் கைத்தெளிப்பான் ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து அடித்துப் பழகியது வேண்டாம். அதில் பத்து லிட்டர் தண்ணீர் பிடித்து, மேலிருந்து கீழாகப் பனிபோலத் தெளித்து, உப்பு கரைய ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஒருமுறை தெளித்து, மென்மையான ஈரத்துணியால் வழித்துவிட்டால் போதும். தினமும் முடியாவிட்டால் உலோகப் பாகங்களையும் மேல்விளிம்பையும் மட்டும் தினமும், முழுப் படகையும் வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

உப்புக் கரிக்கும் கிணற்று நீரும் பயன்படும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கும் கிணற்று நீரில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கடைசித் தெளிப்பு மட்டும் நல்ல தண்ணீராக இருந்தால் போதும். கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகமிருந்து வெள்ளைத் திட்டு படிந்தால், தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து உடனே கழுவிவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் பொடியும் கம்பிநாரும் படகின் பக்கமே வரக்கூடாது. கம்பிநாரின் துகள் ஒவ்வொன்றும் மறுநாள் ஒரு துருப்புள்ளியாக நிற்கும்.

துருக்கறை வடியும் போல்ட்டைப் பற்றி: கடையில் ஸ்டெயின்லெஸ் என்று தருவது பெரும்பாலும் 304 தரமாகத்தான் இருக்கும். கடலோரத்துக்கு 316 தரம் வேண்டும். அதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருப்பதால் குளோரைடை நன்றாகத் தாங்கும். அதுவும்கூட வாஷருக்கு அடியில் ஆக்சிஜன் எட்டாமல் உப்புநீர் தேங்கினால் குழிவிழுந்து அரிக்கும். போல்ட்டைக் கழற்றி, துளையைச் சுத்தம் செய்து, வாஷருக்கு அடியில் நீர் புகாமல் அடைக்கும் கடலுக்கான சீலண்ட்டைப் பூசி முடுக்குங்கள். அலுமினியப் பாகத்தின் மீது ஸ்டெயின்லெஸ் போல்ட்டை நேராக முடுக்கினால் அலுமினியம் வெள்ளைப்பொடியாகக் கரையும். இடையில் நைலான் வாஷர் வையுங்கள்.

முட்டம்_மீகாமன்:

மர வள்ளங்களின் காலத்தில் இந்தத் தொல்லைகள் வேறு விதமாக இருந்தன. பலகை இடுக்குகளை அடைக்கக் கலப்பத்து அடித்து, குங்கிலியம் காய்ச்சி அடைத்து, முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுவார்கள். ஊரெல்லாம் நாறும், ஆனால் மரம் வெடிக்காது. பைபருக்கும் அப்படி ஏதாவது எண்ணெய் உண்டா என்றுதான் பலரும் தேடுகிறார்கள். மண்ணெண்ணெய் துடைக்கும் பழக்கமும் அதிலிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

வேதிச்சாலை சொன்ன விளக்கத்துக்குப் பிறகு பூதக்கண்ணாடிக் கட்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன். ஏராக் கட்சியில் நீடிக்கிறேன்.

வேதிச்சாலை:

மரம் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் மரத்துக்குள் இறுகி ஈரத்தைத் தடுக்கும். பைபரின் நுண்துளைகளில் எண்ணெய் இறங்கினாலும் அப்படி இறுகிக் காப்பதில்லை. மேலே படலமாக நின்றால்தான் உண்டு. மரப்படகையே பைபரால் போர்த்துவது மூன்றாவது வழி. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், ரப்பர் மரத்தைப் பதப்படுத்தி மேலே கண்ணாடி இழை போர்த்திய சிறு படகுகளை உருவாக்கிக் காட்டியிருக்கிறது. அங்கும் வெயிலைத் தாங்க வேண்டியது மேலேயுள்ள ரெசின் என்பதால் இதே பராமரிப்புதான்.

இப்போது பாம்பன்கரை கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். பாலிஷ் செய்த பரப்பின் மேல் எதைப் பூசுவது? கார்நாபா மெழுகு பளபளப்பைத் தரும். ஆனால் அது 82 முதல் 86 டிகிரிக்குள் உருகுவது. அடர்நீலப் பரப்பு 70 டிகிரியைத் தொடும் வெயிலில் அது நெடுநாள் தங்காது. சில மாதங்களில் மறுபடி போட வேண்டும். பாலிமர் சீலண்ட் அதைவிடக் கூடுதலாக நிற்கும். செராமிக் பூச்சு என்று விற்கப்படும் சிலிக்கா அடிப்படையிலானவை இன்னும் நீடிக்கும்; ஆனால் வலையும் கயிறும் நாள்தோறும் உரசும் தொழிற்படகுக்கு அந்த விலை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உல்லாசப் படகு வைத்திருப்பவர்களுக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

பெயிண்டைப் பொறுத்தவரை, கடைக்காரர் சொன்ன சாதாரண இனாமல் பைபரின் மேல் ஓரிரு பருவங்களுக்குள் மங்கிவிடும். இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் அலிஃபாடிக் பாலியூரித்தேன் பெயிண்ட்தான் வெயிலைத் தாங்குவது. இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் எப்பாக்சி. அது பிடிமானத்துக்கும் நீர்த்தடைக்கும் மிக நல்லது. ஆனால் வெயில் நேராகப் பட்டால் ஜெல்கோட்டைவிட விரைவாகப் பொடியும். எனவே எப்பாக்சி ப்ரைமர் அடித்தால் அதன் மேல் பாலியூரித்தேன் கட்டாயம். பாலியூரித்தேனின் ஹார்ட்னரில், அதாவது இறுக வைக்கும் இரண்டாவது டப்பாவில், ஐசோசயனேட் உள்ளது. அதை ஸ்ப்ரே செய்தால் சாதாரணத் துணிக் கவசம் காப்பாற்றாது, நுரையீரலுக்குக் கேடு. உரிய முகக்கவசம் இல்லையென்றால் ரோலராலோ பிரஷ்ஷாலோ அடியுங்கள்.

எந்தப் பெயிண்டாக இருந்தாலும் அடிப்பதற்கு முன் நன்னீரால் கழுவி உலர்த்துங்கள். உப்பு மிச்சமிருக்கும் பரப்பை உப்புத்தாளால் தேய்த்தால் உப்பு நீங்காது, பள்ளங்களுக்குள் இன்னும் ஆழமாகப் பதியும். எனவே முதலில் கழுவுதல், பிறகு தேய்த்தல், மறுபடி கழுவுதல்.

குருநகர்வாசி:

பெயிண்ட் அடிக்கும் காலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஏப்ரல், மே மாதங்களில்தான் பெரும்பாலானோர் அடிக்கிறார்கள். ஏப்ரல் நடுவில் சூரியன் பாம்பன் பகுதியின் நேர் உச்சியில் நிற்கும். சுடும் பரப்பின் மேல் பெயிண்ட் படர்வதற்கு முன்பே இறுகி, பிரஷ் தடங்கள் அப்படியே நின்றுவிடும். படகை நிறுத்த வேண்டிய கட்டாயம் உள்ள விசைப்படகுக்காரர்களுக்கு வேறு வழியில்லை. அவர்கள் பந்தலின் கீழ் காலை வேளையில் அடிக்கலாம். பாம்பன்கரை தம்பிக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

வேதிச்சாலை:

நல்ல யோசனை. தை, மாசியில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பனி. பரப்பின் வெப்பம், காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் பனிநிலையை விடக் குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலில் பொதுவான விதி. அதாவது, காலையில் படகைத் தொட்டால் ஈரம் இருக்கவே கூடாது. மாலையில் பனி இறங்குவதற்குள் மேல்படலம் இறுகியிருக்க வேண்டும். காலை ஒன்பதரையிலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்குள், நிழலில் அடித்து முடிப்பது பொருத்தமாக இருக்கும்.

மரக்கலம்:

தம்பி, உங்கள் சோதனையின் முடிவைப் பார்த்தால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். பக்கவாட்டுக்குப் பெயிண்ட் தேவையில்லை. 800, 1000, 1200 என்று வாட்டர் பேப்பரை ஏற்றிக்கொண்டே போய், காம்பவுண்டால் தேய்த்து, வேதிச்சாலை சொன்ன பாலிமர் சீலண்ட் போடுங்கள். பஃபிங் மெஷினை ஒரே இடத்தில் அழுத்தாதீர்கள். விளிம்புகளில் ஜெல்கோட் மெலிதாக இருக்கும், கண் இமைக்கும் நேரத்தில் இழை தெரிந்துவிடும்.

மேல்விளிம்பில் பின்னல் தெரியும் இடத்துக்குப் புது ஜெல்கோட் வைக்க வேண்டும். இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. அச்சுக்குள் பூசுகிற ஜெல்கோட்டை வாங்கி வெளியே பூசிவிடுவார்கள். அது காற்றுப்படும் பக்கம் இறுகாமல், நாள்கணக்கில் கையில் பிசுபிசுவென்று ஒட்டும், மணலும் செதிலும் அதில் படியும். மெழுகு கலந்த டாப்கோட் என்று கேட்டு வாங்குங்கள். பூசியபின் மெழுகு மேலே மிதந்து வந்து காற்றைத் தடுப்பதால் அது முழுவதும் இறுகும்.

ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டைச் சூடான நாளில் ஒரு விழுக்காட்டை ஒட்டியும், குளிர்ந்த நாளில் இரண்டு விழுக்காடு வரையிலும் சேர்ப்போம். சீக்கிரம் இறுகுகிறதே என்று ஒரு விழுக்காட்டுக்கும் கீழே குறைத்தால் அரைகுறையாக இறுகி, அடுத்த கோடையிலேயே பொடியும். சூடாக இருந்தால் அளவை அதற்கும் கீழே குறைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பூசுங்கள். இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும்: இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள், வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். இப்போது கடையில் வரும் ரெசினில் பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் முன்னரே கலந்திருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வலை உரசும் அந்த ஒரு முழத்துக்கு டாப்கோட் மட்டும் போதாது. அதன் மேல் ரப்பர் பட்டையோ பாதியாக வகுந்த பிவிசி குழாயோ கவிழ்த்து வையுங்கள். உரசலை அது வாங்கிக்கொள்ளும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். முட்டம் நண்பர் சொல்லும் ஏராவையும் அதே நாளில் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள். படகைத் திருப்ப ஆள் கூட்டும் செலவு ஒன்றுதான்.

அடுத்த முறை புதுப் படகு வாங்கும்போது, மேல்தோலுக்கு ஐசோப்தாலிக் ரெசினில் செய்த ஜெல்கோட்தான் வேண்டும் என்று பட்டறையில் முன்னரே பேசிவிடுங்கள். ஆர்த்தோப்தாலிக் மலிவு, ஆனால் வெயிலுக்கும் நீருக்கும் அதைவிட ஐசோ நன்றாக நிற்கும். வெளிநிறத்தையும் நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் வெளிர்நிறமாகச் சொல்லுங்கள்.

பாம்பன்கரை:

அனைவருக்கும் நன்றி. தை பிறந்ததும் வேலையைத் தொடங்குவதென்றும், அதுவரை கீற்றுப் பந்தல் போட்டுக் கைத்தெளிப்பானால் கழுவி வருவதென்றும் வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். கொண்டிக்கு உள்பக்கம் வைக்கப் பலகையும் 316 தர போல்ட்டுகளும் சொல்லியாயிற்று. கடைசியாக ஒரு சந்தேகம்: அணியத்தின் இருபுறமும் பதிவு எண் எழுதியிருக்கிறது. வாட்டர் பேப்பர் போட்டால் அதுவும் சேர்ந்து போய்விடுமே?

மரக்கலம்:

போகத்தான் செய்யும். தொடங்குவதற்கு முன்னால் இருபுறமும் எண்ணைப் படம் எடுத்து, எழுத்தின் உயரத்தையும் மேல்விளிம்பிலிருந்து உள்ள தூரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்தைச் சுற்றித் தேய்த்து அதை மட்டும் விட்டுவைக்க நினைக்க வேண்டாம். சுற்றிலும் மேடு பள்ளம் தெரியும், அந்த ஓரத்தில்தான் முதலில் உப்பு தங்கும். முழுவதும் தேய்த்து முடித்து, அந்த இடத்தில் மட்டும் சீலண்ட் போடாமல் விடுங்கள். போட்டால் பெயிண்ட் பிடிக்காது. அங்கே வெள்ளைப் பாலியூரித்தேனில் எண்ணை எழுதி, நன்றாக இறுகிய பிறகு அதன் மேலும் சேர்த்துச் சீலண்ட் போட்டுவிடலாம். எண் இல்லாமல் படகைக் கடலில் இறக்கிவிடாதீர்கள். எழுதுபவரை அதே வாரத்துக்குச் சொல்லி வையுங்கள்.